பெல்ட்டைத் திருப்பு

லாஸ் ஏஞ்சல்ஸில் குளிரே கிடையாது என்று சொல்கிறவர்களை ஜனவரியில் ஒரு நாள், விடியும் முன்னே, எங்கள் கார் வாஷுக்கு அழைத்து வர வேண்டும். ஹோஸ் பைப்பைக் கையில் கொடுத்து, நனைந்த ஷூவோடு நிற்க வைக்க வேண்டும். அதற்குப் பிறகு பேசட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

நான் எர்மீனியா. துடைக்கிறவள். கழுவி வெளியே வரும் காரின் மேல் தண்ணீர் காய்ந்து தடம் விழுவதற்குள் துணியோடு பாய வேண்டும். ஈரத்துணி பிழிந்து பிழிந்து என் விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்கு மாதிரி முடிச்சு விட்டுவிட்டன. எல் சால்வடோர் நாட்டு வில்மர் காருக்குள் தலையை நுழைத்து வேக்யூம் பிடிப்பான். சாயங்காலம் அவன் காதில் யார் பேசினாலும் ஏறாது. மெழுகு போடுகிறவர்கள் தனிக் கூட்டம். அவர்களுக்குத் தலை நிக்கனோர்.

நிக்கனோர் மெழுகைத் துணியில் எடுக்க மாட்டார். வெறும் உள்ளங்கைதான். குளிர் நாளில் மெழுகு கல்லாக இறுகிக் கிடக்கும். வந்ததும் டப்பாவைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொள்வார். நாங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் அது இளகிவிடும்.

"எத்தனை மாசம்?" என்று கேட்பேன்.

"வலி எடுத்தாச்சு தோன்யா, தள்ளி நில்லுங்க" என்பார். வயதுக்கு மரியாதையாக எல்லோரும் என்னைத் தோன்யா என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் அதே கேலி, தினமும் சிரிப்போம். அந்தக் குளிரில் சிரிக்க வேறு என்ன இருந்தது?

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வேலைக்கு வந்ததும் பெல்ட்டின் பக்கிளை முதுகுப் பக்கம் திருப்பிக் கட்டுவோம். காரின் மேல் குனிந்து தேய்க்கும்போது வயிற்றுப் பக்கம் இரும்பு இருந்தால் பெயிண்டில் கோடு விழும். பல பேருக்குப் பஸ்ஸில் போகும்போதும் அது அப்படியே இருக்கும். பார்க்கிறவர்கள் தூக்கக் கலக்கத்தில் உடுத்திய ஆள் என்று சிரிப்பார்கள். மோதிரங்களைக் கழற்றி, ஆணியில் தொங்கும் பழைய மிளகாய் டப்பாவில் போட்டுவிடுவோம். சாயங்காலம் அவரவர் மோதிரத்தை அவரவர் எடுத்துக்கொண்டு போவோம். இத்தனை வருஷத்தில் ஒரு மோதிரம் தொலைந்ததில்லை, ஒரு மோதிரம் கார் பக்கம் போனதும் இல்லை.

பக்கிளை முன்னால் போட்டுக்கொண்டு திரிகிறவன் மேஸ்திரி லியாந்த்ரோ ஒருவன்தான். மேஸ்திரி ஆன வாரமே வாங்கிய பக்கிள். வெள்ளி நிறம், சேவல் படம், சாஸர் அகலம். இனி நான் காரைத் தொட வேண்டியதில்லை என்று ஊருக்கே சொல்கிற பக்கிள் அது. நாங்கள் சிரித்தோம். நிக்கனோர் சிரிக்கவில்லை. லியாந்த்ரோ அவருடைய கொம்பாத்ரே.

இருவரும் மெக்சிகோவில், பூயெப்லாவில் ஒரே ஊர்க்காரர்கள். ஒரே லாரியில் எல்லை தாண்டியவர்கள். நிக்கனோரின் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, குழந்தையைத் தொட்டிக்கு மேல் ஏந்திப் பிடித்தவன் லியாந்த்ரோ. அன்றோடு பிள்ளையின் தகப்பனும் ஞானத்தகப்பனும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. எங்கள் ஜனத்தில் அது கூடப் பிறந்த உறவுக்கும் ஒரு படி மேல். அதுவரை வாடா போடா என்று திரிந்தவர்கள் மறுநாளிலிருந்து நீங்க, வாங்க. கொம்பாத்ரேயோடு சண்டை போடக் கூடாது. அவன் கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. நல்ல வழக்கம்தான். நல்லவர்களிடம் இருக்கும்வரை.

முதலாளி பர்ராகனும் எங்கள் ஆள்தான், இங்கேயே பிறந்தவர். அவருடைய அப்பாவே ஒரு காலத்தில் ஹோஸ் பிடித்தவராம். அதை எங்களுக்குச் சொல்லாத நாள் கிடையாது. வேலை வாங்கும்போது எங்கள் பாஷை பேசுவார். நாங்கள் ஏதாவது கேட்டால் இங்கிலீஷ் வந்துவிடும். தெருவைப் பார்த்து ஒரு பெரிய போர்டு வைத்திருந்தார்: 'கையால் மட்டுமே மெழுகு'. எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு கை. அது வரைந்த கை இல்லை. நிக்கனோரின் வலது கையைப் பெயிண்டில் முக்கி, ஏணியில் ஏற்றி, பலகையில் அழுத்த வைத்தார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். எங்கள் கையே அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டோம், பைத்தியக்காரர்கள்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் பின்பக்கக் கொட்டகையில் நீலத் தார்ப்பாய் ஒன்று தொங்கியது. உள்ளே ஒரு பாலிஷ் மெஷின். நாள் முழுக்கக் குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி உறுமும். போர்டைப் பார்த்து உள்ளே வருகிறவர்களின் கார்களில் பாதி தார்ப்பாய்க்குப் பின்னால் போய், லியாந்த்ரோவின் மெஷினுக்கு அடியில் மெழுகு வாங்கிக்கொண்டு வந்தன. வாடிக்கையாளருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

பிறகு மொன்தெஸின் கார் வந்தது. மொன்தெஸ் ஓய்வு பெற்ற தபால்காரர். அவருடைய பழைய கார் செர்ரிப் பழ நிறம். பெயிண்டின் மேல் அவரே கையால் வரைந்த ரோஜாக் கொடி. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலமாக மெல்ல ஓட்டிப் போகிற அந்த மாதிரிக் காரை நிக்கனோரைத் தவிர யாரையும் தொட விட மாட்டார். அன்றைக்கும் சாவியை நிக்கனோர் கையில் கொடுத்துவிட்டு, எதிரே முடிவெட்டிக்கொள்ளப் போனார். நிக்கனோர் வேறொரு காரில் கைவேலையாக இருந்தார். சீக்கிரம் முடி என்று முதலாளி சொன்னதால், லியாந்த்ரோ அதைத் தார்ப்பாய்க்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போனான்.

நான் கொட்டகைச் சுவருக்கு இந்தப் பக்கம் துணி பிழிந்துகொண்டிருந்தேன். மெஷின் சத்தம் திடீரென்று நின்றது. பெயிண்ட் கருகுகிற நாற்றம் வந்தது. காரின் ஓரத்தில், உலோகம் மடியும் இடத்தில், மெஷினைக் கொஞ்சம் அழுத்தி நிறுத்தினால் போதும், பெயிண்ட் எரிந்து அடித்தகடு தெரிந்துவிடும். கையால் ஒரு வருஷம் தேய்த்தாலும் அது நடக்காது.

லியாந்த்ரோ ஓடிப் போய் நிக்கனோரைக் கூட்டி வந்தான்.

"கொம்பாத்ரே, கெட்டேன். பாருங்க, ரோஜாவே போச்சு."

"ஐயோ. யாரு இதை மெஷினுக்குக் கொண்டு வரச் சொன்னது?"

"அதை விடுங்க. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், இல்லேன்னு சொல்லாதீங்க. நீங்க தேச்சப்ப ஆச்சுன்னு சொல்லிடுங்க. மோதிரம் பட்டுடுச்சுன்னு சொல்லுங்க."

"என் மோதிரம் டப்பாவுல கிடக்கு."

"அது யாருக்குத் தெரியும்? போர்டுல இருக்கறது உங்க கை கொம்பாத்ரே, உங்களை அனுப்பிட முடியுமா? ஒரு திட்டோட போயிடும். என்னைன்னா இப்பவே வெளியே தள்ளிடுவாரு. ஊர்ல அம்மா படுக்கையில கிடக்கா, உங்களுக்குத் தெரியாததா?"

நிக்கனோர், "என் பிள்ளையைத் தாங்கின கை உங்களோடது. கேட்டுட்டீங்க" என்றார். அவ்வளவுதான். சொல்லாதே மனுஷா என்று கத்தச் சுவரைச் சுற்றி ஓடினேன், அதற்குள் காரைத் தார்ப்பாய்க்கு வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள், மொன்தெஸ் வந்துவிட்டார், முதலாளியும் வந்துவிட்டார்.

"யார் வேலை இது?" என்றார் பர்ராகன்.

"என் கைதான் முதலாளி. மோதிரத்தைக் கழட்ட மறந்துட்டேன்."

மொன்தெஸ் காரைப் பார்க்கவில்லை, நிக்கனோரைப் பார்த்தார். "நீயாப்பா? உன்னை நம்பி இல்ல விட்டுட்டுப் போனேன்" என்றார். அதைக் கேட்டு நிக்கனோர் தலை குனிந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"லியாந்த்ரோ, இவனுக்கு மோதிரத்தைப் பத்தி நீ சொல்லலியா?" என்று முதலாளி கேட்டார்.

லியாந்த்ரோ தன் சேவலைத் தடவிக்கொண்டான். "எத்தனையோ தடவை சொல்லிட்டேன் முதலாளி. கேக்க மாட்டேங்கறான்."

கேக்க மாட்டேங்கறான். ஞானஸ்நானம் நடந்த நாளிலிருந்து அவன் வாயில் வராத பேச்சு. நிக்கனோர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு வார்த்தை, இன்னும் ஒரே ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"மெழுகு டப்பாவை வச்சுட்டுப் போ" என்றார் பர்ராகன். "இல்ல, அதையும் எடுத்துட்டே போ. இங்க இனி அது தேவைப்படாது."

நிக்கனோர் சட்டைக்குள் டப்பாவோடு கேட்டைத் தாண்டிப் போனார். ஆணியில் தொங்கிய மிளகாய் டப்பாவிலிருந்து மோதிரத்தை எடுக்க மறந்தே போனார்.

மறுநாள் கொட்டகையைப் பெருக்கப் போனபோது தார்ப்பாய்க்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எல்லாம் பாலிஷ் மெஷின்கள், மெழுகு போடுகிற ஒவ்வொருவர் இடத்துக்கும் ஒன்று. பெட்டி மேல் தூசி உட்கார்ந்திருந்தது.

"எப்பப்பா வந்தது இதெல்லாம்?" என்று வில்மரைக் கேட்டேன்.

"போன வாரமே வந்துடுச்சு தோன்யா. நான்தான் இறக்கினேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னான் மேஸ்திரி."

போன வாரம். மொன்தெஸின் கார் வருவதற்கு முன்னாலேயே. சோளமாவு டாமலே விற்கிற வண்டி வந்து எல்லோரும் சாப்பிடக் கூடிய நேரத்தில், லியாந்த்ரோவைக் கழிப்பறைக் கதவோரம் மடக்கினேன்.

"பெட்டி முன்னாடியே வந்துடுச்சாமே. அப்ப அந்தாளை அனுப்பறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்களா?"

"சத்தம் போடாதீங்க தோன்யா."

"போடாம இருக்கணும்னா சொல்லு."

அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "மெழுகு ஆளுங்க ஒவ்வொருத்தரையா அனுப்பணும்னாரு முதலாளி. முதல்ல நிக்கனோர், அவர் போனா மத்தவங்க எதிர்த்து நிக்க மாட்டாங்கன்னாரு. காரணம் ஒண்ணு பாரு, உன் வேலைக்கு நான் பொறுப்புன்னாரு."

"அதுக்குக் காரை வேணும்னே எரிச்சியா?"

"கன்னிமாதா மேல சத்தியமா இல்ல! கை தவறிடுச்சு. தவறினதும்..." அவன் நிறுத்தினான். "தவறினதும், வழி கிடைச்சுதுன்னு தோணிடுச்சு."

கூட இருந்தே குழி பறிக்கிறவர்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். குழிக்குள் நீங்களே இறங்குங்கள் கொம்பாத்ரே என்று மரியாதையாகக் கேட்டு இறக்கியவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். கையிலிருந்த டாமலேயை அவன் முகத்தில் வீசத் தோன்றியது. சாப்பாட்டை வீசிப் பழக்கமில்லாததால் தின்றுவிட்டேன்.

வேலை முடிந்ததும் பஸ் பிடித்து நிக்கனோர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் முகத்தில் சவரம் இல்லை. வேறு இரண்டு இடங்களில் வேலை கேட்டிருக்கிறார். மோதிரத்தோடு காரைத் தொட்டவன்தானே நீ என்று வாசலிலேயே கேட்டிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் செய்தி பஸ்ஸை விட வேகமாகப் போகும். கார்த் தொழிலில் ஒரு மனுஷனுக்கு இருப்பது கையும் அந்தக் கைக்கு இருக்கிற பேரும்தான். இரண்டாவது போய்விட்டால் முதலாவதை வைத்து என்ன செய்வது?

பெட்டிகளைப் பற்றிச் சொன்னேன். லியாந்த்ரோ சொன்னதையும் சொன்னேன். அவருடைய மகள் தரையில் உட்கார்ந்து ஞானத்தகப்பன் கொடுத்த பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவர் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திட்டோட போயிடும்னு சொன்னாரே" என்றார். அப்போதும் 'சொன்னாரே'தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"நாளைக்கு நான் எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்."

"வேண்டாம் தோன்யா. கொம்பாத்ரேக்குள்ள பேசினது வெளிய போகக் கூடாது. வாக்குக் கொடுத்துட்டேன்."

"நீங்க கொடுத்தீங்க. நான் யாருக்கும் கொம்பாத்ரே இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. மழை விட்ட சனிக்கிழமை என்றால் ஊரிலுள்ள கார் எல்லாம் எங்கள் வாசலில்தான் நிற்கும். விடியும்போதே வரிசை தெருமுனை வரை போய்விட்டது. காபிக் கோப்பையோடு எல்லோரும் கூடியபோது நடந்ததைச் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வில்மர், "பெட்டியை இறக்கினது நான்தானே" என்றான், தன்னைத் தானே அறைந்துகொள்கிற மாதிரி.

அப்போது பர்ராகன் வந்தார். லியாந்த்ரோ பின்னால் மெஷின்களைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்தான்.

"இன்னையிலேர்ந்து ஆளுக்கு ஒண்ணு. கத்துக்கறவன் இருக்கலாம். வில்மர், உனக்கு மெழுகு வேலை தர்றேன், பிடி" என்றார் முதலாளி.

வில்மர் மெஷினைக் கையில் வாங்கினான். சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்தான். "மொன்தெஸ் காரை எரிச்சது இந்த மெஷினா முதலாளி, இல்ல தார்ப்பாய்க்குப் பின்னாடி இருக்கறதா?"

"என்ன உளர்ற? நிக்கனோர் செஞ்சான். அவனே ஒத்துக்கிட்டான்ல?"

நான் ஆணியிலிருந்த மிளகாய் டப்பாவைக் கழற்றிக் குலுக்கினேன். "மோதிரம் பட்டுதுன்னு ஒத்துக்கிட்டாரு. அந்த மோதிரம் அன்னைக்கும் இதுக்குள்ளதான் இருந்தது, இன்னைக்கும் இதுக்குள்ளதான் இருக்கு. பாருங்க." நிக்கனோரின் மோதிரத்தை எடுத்துக் காட்டினேன். மெலிந்து வளைந்த மோதிரம், எல்லோருக்கும் தெரியும் அது. "லியாந்த்ரோ, நீ சொல்லுப்பா. யார் கை அது?"

"அவன்கிட்ட என்ன விசாரணை? நீ துடைக்கறவ, போய்த் துடை."

"கேட்டது அவனை, முதலாளி."

லியாந்த்ரோவின் உதடு அசைந்தது. அவன் கண் என் கையிலிருந்த மோதிரத்திலேயே இருந்தது. அந்த மோதிரம் மாற்றிய கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் அவன். சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. வில்மர் மெஷினை மெதுவாகத் தரையில் வைத்தான், அதன் மேல் கோபம் ஒன்றும் இல்லாதவன் மாதிரி. பிறகு இடுப்பில் கை வைத்து பெல்ட்டைச் சரசரவென்று இழுத்தான். முதுகுப் பக்கம் இருந்த பக்கிள் வயிற்றுக்கு வந்தது. நாங்கள் பார்த்தோம். அது என்ன சொல்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர் திருப்பினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். ஹோஸ் பிடிப்பவர் தண்ணீரை அடைத்துவிட்டு வந்து திருப்பினார். இரும்பு ஒவ்வொன்றாக முன்னால் வருகிற சத்தம் கேட்டது. எனக்கு பெல்ட் கிடையாது. டப்பாவிலிருந்து என் மோதிரத்தை எடுத்து, வீங்கிய மூட்டில் வலிக்க வலிக்கப் போட்டுக்கொண்டேன்.

"என்ன கூத்து இது? காரைத் தொடுங்கடா!"

"இரும்போட தொடக் கூடாதுன்னு நீங்கதான முதலாளி சொன்னீங்க?" என்றான் வில்மர். யாரோ சிரித்தார்கள்.

பர்ராகன் இங்கிலீஷுக்கு மாறினார், பிறகு எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று திரும்பி வந்தார். "உங்கள்ல எத்தனை பேருக்கு இந்த நாட்டுல இருக்கப் பேப்பர் இருக்கு? ஒரு போன் போட்டா போதும், தெரியும்ல?"

என்னிடம் பேப்பர் கிடையாது, என் மகனிடமும் கிடையாது. ஆனாலும் வாய் தானாகத் திறந்தது.

"இத்தனை வருஷம் எங்க கையை மட்டும்தான் பாத்தீங்க, பேப்பரைக் கேக்கல. போர்டுல தொங்கறதும் பேப்பர் இல்ல, கை. அந்தக் கை திரும்பி வரணும். செய்யாததைச் செஞ்சான்னு சொன்ன உங்க வாயாலேயே அவர் செய்யலன்னு சொல்லணும். அதுக்கப்புறம் மெஷினைப் பத்திப் பேசலாம்."

"இந்த எடத்துக்கு வேற ஆள் கொண்டாறது எனக்குப் பெரிய வேலையா?"

"இன்னைக்குச் சனிக்கிழமை முதலாளி" என்றேன். "தெருவை எட்டிப் பாருங்க."

வரிசையில் முதல் கார் ஹாரன் அடித்தது. அடுத்தது அடித்தது. பர்ராகன் லியாந்த்ரோவைப் பார்த்து, "நீ போய்ப் பிடி" என்று கத்தினார்.

லியாந்த்ரோ மெஷினை எடுத்தான். காரை நோக்கி இரண்டு எட்டு வைத்தவன் நின்றான். பழக்கம் யாரை விட்டது? கை தானாக இடுப்புக்குப் போய், அந்தச் சாஸர் அகலச் சேவலை முதுகுப் பக்கம் திருப்பியது. நாங்கள் எல்லோரும் முன்னால் திருப்பிய நேரத்தில் அவன் பின்னால் திருப்பிக்கொண்டு, கழுவாத காரின் மேல் தனியாகக் குனிந்தான். அவனைப் பார்த்து யாரும் ஏசவில்லை. எனக்கு அவன் மேல் வெறுப்பு இருந்தது, ஆனால் அந்த முதுகைப் பார்க்க முடியவில்லை.

நாங்கள் வெளியே வந்து நடைபாதையில், போர்டுக்கு அடியில் நின்றோம். இனி என்ன என்று யாருக்கும் தெரியாது. போலீஸ் வருமா, வேற்று ஆட்கள் வருவார்களா, திங்கட்கிழமை சோறு எங்கே, ஒன்றும் தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்தது. ஒவ்வொருத்தராக அனுப்புவதற்கு இனி ஒவ்வொருத்தராக யாரும் நிற்கவில்லை.

எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நிக்கனோர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வேலைக்கு வருகிற சட்டை, வயிறு புடைத்திருந்தது. பழக்கத்தில் டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே வந்துவிட்டார். பெல்ட் பக்கிளும் முதுகுப் பக்கம்தான்.

நான் சாலையைக் கடந்து போய் மோதிரத்தை நீட்டினேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். கொட்டகைப் பக்கமிருந்து ஒரே ஒரு மெஷினின் உறுமல் வந்துகொண்டிருந்தது.

"லியாந்த்ரோவா?" என்றார். கொம்பாத்ரே என்று சொல்லவில்லை.

"ஆமா."

அவர் மோதிரத்தைப் போட்டுக்கொண்டார். எதிரே போர்டுக்கு அடியில் நின்றவர்களைப் பார்த்தார், ஒவ்வொரு வயிற்றிலும் மின்னுகிற இரும்பைப் பார்த்தார். முகம் கோணி, அழப் போகிறார் என்று நினைத்தேன்.

"பெல்ட்டைத் திருப்புங்க நிக்கனோர்" என்றேன்.

வயிற்றில் டப்பா இடித்தது. சட்டைக்குள் கை விட்டு அதை எடுத்து என் கையில் வைத்தார். உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

"பிடிங்க தோன்யா" என்றார். "பிரசவம் ஆயிடுச்சு."

பிறகு பக்கிளை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு, ஹாரன் அடிக்கிற கார்களுக்கு நடுவில் எங்கள் ஆட்களை நோக்கி நடந்தார்.